நகரத்தின் நாளை பற்றி ஒரு பாட்காஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி வெவ்வேறு துறைக்காரர்கள் சேர்ந்து தமிழில் ஒரு பாட்காஸ்ட் செய்கிறோம். வாட்ஸ்அப்பிலும் கல்லூரிக் கூட்டங்களிலும், களநடை முடிந்து டீக்கடையில் நிற்கும்போதும் ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் அனுப்பி மாளவில்லை. அதனால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

பாட்காஸ்ட்னா என்னங்க? ரேடியோ மாதிரியா, யூடியூப் மாதிரியா?

ரேடியோ மாதிரிதான், ஆனால் நேரம் உங்கள் கையில். பதிவு செய்த ஒலி நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றிவிடுவோம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் மாதிரியான செயலிகளில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொண்டால் மின்சார ரயிலில் சிக்னல் போனாலும் பேச்சு நிற்காது.

வீடியோ கிடையாது. யூடியூபிலும் ஏற்றுகிறோம், ஆனால் அங்கேயும் ஒரே ஒரு படம், மற்றபடி ஒலிதான். "முகத்தைக் காட்டினால் வியூஸ் வருமே" என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் தெருவில் நிற்பவர் பேசும் பேச்சே மாறிவிடுகிறது. மைக் சட்டையில் ஒட்டிக்கொண்டிருப்பதை அவர் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்.

எதிர்கால நகரம்னா பறக்கும் காரு, ரோபோ எல்லாம் வருமா?

வராது. குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வரும், மழைத் தண்ணீர் எங்கே போகும், யார் எங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியும், வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும், இதெல்லாம்தான் எங்களுக்கு எதிர்காலம். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மதிய வெயிலில் டெலிவரி பையைச் சுமந்துகொண்டு சிக்னலில் நிற்கும் பையனுக்குப் பறக்கும் காரைவிட இது ரொம்பப் பக்கத்து விஷயம்.

டீம்ல யார் யாரு? எல்லாரும் ஆர்க்கிடெக்டா?

ஒருவர்தான் ஆர்க்கிடெக்ட். நீரியல் படித்த சிவில் இன்ஜினியர் ஒருவர், சமூகவியல் ஆய்வாளர் ஒருவர், போக்குவரத்துக் கணக்குகளைத் தோண்டும் பொருளாதாரக்காரர் ஒருவர், எழும்பூர் ஆவணக் காப்பகத்தை விட்டு வெளியே வர மனமில்லாத வரலாற்று மாணவி ஒருவர், அப்புறம் ஒலிப்பதிவாளர். நான் தயாரிப்பு: போன் போடுவது, அனுமதி கேட்பது, பேசியதைத் தட்டச்சு செய்வது, டீ பில் கொடுப்பது.

ஒலிப்பதிவாளரையும் சேர்த்துத்தான் "துறைகள்" என்று சொல்கிறோம். ஒரு இடத்துக்குப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் கேட்பவர் அவர். ஜெனரேட்டர் எங்கே ஓடுகிறது, எந்தச் சந்தில் தண்ணீர் லாரி நிற்கிறது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நிபுணரைக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தா போதாதா? எதுக்கு இத்தனை பேர்?

தி.நகரில் நடந்ததைச் சொல்கிறேன். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து எல்லோரும் ஒன்றாக நடந்தோம். 2023-ல் திறந்த ஆகாய நடைபாதையில் ஏறியதும் பொருளாதாரக்காரர், ரயிலையும் பஸ் நிலையத்தையும் 570 மீட்டரில் இணைத்திருப்பதைக் கொண்டாடினார். வரலாற்று மாணவி கீழே கையைக் காட்டி, 1920-கள் வரை இந்தப் பக்கமெல்லாம் நீண்ட ஏரி, அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள் என்றார். உடனே நீரியல்காரர், 2021 நவம்பர் மழையில் இங்கே தண்ணீர் நின்றதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் அடைபட்டால் பள்ளத்தில்தான் தேங்கும் என்று ஆரம்பித்துவிட்டார்.

ஆர்க்கிடெக்ட் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைப் பற்றிப் பேச வந்தவர். 2019-ல் திறந்த அகலமான நடைபாதை, உட்கார பெஞ்சு, எல்லாம் நல்ல வேலைதான். சமூகவியலாளர் அந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். ஜவுளிக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் கடைக்கு உள்ளே உட்காருவதைவிட இங்கே உட்காருவது நிம்மதி என்றார் அந்தப் பெண்களில் ஒருவர்.

தனித்தனியாகப் பேட்டி எடுத்திருந்தால் நடைபாதைக்கு ஒரு எபிசோடு, வெள்ளத்துக்கு ஒரு எபிசோடு, தொழிலாளர் சட்டத்துக்கு ஒரு எபிசோடு என்று போயிருக்கும். ஆனால் அந்தப் பெண்களுக்கு எல்லாமே ஒரே தெருவில், ஒரே நாளில் நடக்கிறது.

இத்தனை பேர் இருந்தா சண்டை வராதா?

வரும். அதை வெட்டுவதில்லை என்பதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட முதல் விதி. எங்களிடம் ரொம்ப நாளாக ஓடுகிற சண்டை கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் பற்றியது. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தன. நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலை 2024-ல் திறந்தது. பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டருக்குத் திட்டம்.

மழை பொய்த்தாலும் கடல் வற்றாது, இத்தனை பெரிய ஊருக்கு இந்த உத்தரவாதம் வேண்டும் என்பது நீரியல்காரரின் கட்சி. இந்தத் தண்ணீருக்கு ஆகும் மின்சாரக் கட்டணத்தை இருபது வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள் என்பார் பொருளாதாரக்காரர். திரும்பக் கடலில் விடும் உப்புக்கரைசலால் கரையோர மீன்பாடு என்னாகிறது என்று மீனவர்கள் கேட்டதைச் சமூகவியலாளர் கொண்டு வருவார். நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்லும்படி என்னைக் கேட்காதீர்கள். என் சொந்த எண்ணம்: ஆலை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் 2019 தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த யாருக்கும் வராது, ஆலை இருக்கிறதே என்று ஏரியைக் கைவிடும் சோம்பேறித்தனம் மட்டும் சுலபமாக வந்துவிடும்.

இப்படித்தான் நடக்கும்னு எப்படிச் சொல்றீங்க? ஜோசியமா?

ஜோசியம் சொல்வதில்லை. எதிர்காலத்தில் பாதி ஏற்கெனவே காகிதத்தில் எழுதியாகிவிட்டது, அதைப் படிக்கிறோம். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் பெருந்திட்டம்தான் மாஸ்டர் பிளான். சென்னைக்கு முதலாவது 1970-களில் வந்தது. இரண்டாவது 2008-ல், 2026 வரைக்குமானது. மூன்றாவது 2027 முதல் 2046 வரைக்கும். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022-ல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. ஐந்து மடங்கு! திருவள்ளூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் தூங்கி எழுந்தபோது பெருநகரவாசியாகிவிட்டார். அவருடைய கிணறும் கழனியும் எந்த வண்ணத்தில் வரைபடத்தில் வரப்போகின்றன என்பது ஆரூடம் இல்லை, அலுவலகத்தில் நடக்கும் வேலை.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டமும் அப்படித்தான். நூறு கிலோமீட்டருக்கு மேல், மூன்று தடங்கள். நிலையம் எங்கே வரும் என்று முடிவான நாளிலேயே சுற்றியுள்ள வாடகையும் நில விலையும் அசையத் தொடங்கிவிடுகின்றன. ரயில் ஓட ஆரம்பித்த பிறகு போய்ப் பேசினால் அங்கே இருந்தவர்களில் பாதிப் பேரைக் காண முடியாது. அதனால் முன்னாலேயே போகிறோம்.

ஒரு எபிசோடு எப்படித் தயாராகுது?

முதலில் இடம். தலைப்பு பிறகுதான். இடத்தை முடிவு செய்ததும் வரலாற்று மாணவி பழைய வரைபடங்களை எடுத்து வருவார். தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. அதுவரை அந்த எபிசோடு தூங்கும்.

அப்புறம் எல்லோருமாகக் களநடை. வீட்டுக்கு வந்து முழுப் பேச்சையும் எழுத்தாக்குகிறேன். மென்பொருள் கொஞ்சம் உதவுகிறது, ஆனால் காசிமேட்டு அக்கா வேகமாகப் பேசியதைக் கொடுத்தால் கையை விரித்துவிடுகிறது. காதால் கேட்டுத்தான் தட்ட வேண்டும். எழுத்தில் வந்ததும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் தேடுகிறோம். ஆதாரம் இல்லாத எண்ணை, சொன்னவர் எங்கள் ஆளாகவே இருந்தாலும், நீக்கிவிடுவோம். கடைசியாக ஒலிப்பதிவாளர் அறையை மூடிக்கொள்வார். அவர் வெளியே வரும் வரை நாங்கள் தொந்தரவு செய்வதில்லை.

பின்னாடி ஒரே இரைச்சலா இருக்கே, ஸ்டுடியோல எடுக்கக் கூடாதா?

எடுக்கலாம். ஆனால் கோயம்பேட்டைப் பற்றி அமைதியான அறையில் உட்கார்ந்து பேசினால் அது கோயம்பேடாக இருக்காது. பேசுபவர்களின் சட்டையில் சிறு மைக், ஒலிப்பதிவாளரின் கையில் ரோம உறை போட்ட இன்னொரு மைக். பேச்சு தனி டிராக், தெரு தனி டிராக். யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வோம், வெட்டி ஒட்டும் இடங்களில் அது கை கொடுக்கும். பேச்சு புரியாத அளவுக்கு இரைச்சல் இருந்தால் உங்கள் புகார் நியாயம், எழுதுங்கள், குறைக்கிறோம்.

இன்னொன்று. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு. நீங்கள் ஹெட்போனில் பத்து நிமிடம் கேட்டு எரிச்சலாகும் அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் கடை போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

எப்பப் பாத்தாலும் தண்ணி தண்ணின்னே பேசறீங்களே? வேற பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது, பேசுகிறோம். ஆனால் இந்த ஊரில் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் கடைசியில் தண்ணீரில்தான் போய் முடிகிறது. 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரை மூழ்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். வெட்டிக் குறைத்த பிறகும் நகரத்துக்கு அப்போது நாளொன்றுக்கு 50 கோடி லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் அந்த ரயில் கொண்டுவந்தது அரை சதவீதம்கூட இல்லை. வாழைத் தோரணம் கட்டி வரவேற்றோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடி படகு.

வெள்ளமும் வறட்சியும் இரண்டு பிரச்சினை என்று நினைத்தால் இரண்டு துறை, இரண்டு பட்ஜெட். நான்கு ஏரிகளும் நிரம்பினால் மொத்தம் சுமார் 11 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டுவதை வைத்துக்கொள்ள இடமில்லை, அதைக் கடலுக்குத் தள்ளிவிட்டுக் கோடையில் தேடுகிறோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அப்படி வைத்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி அதற்குத்தான் வருகிறது. 2022-ல் அதை ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். அதன் ஒரு ஓரத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் சுற்றிலும் ஐடி கட்டடங்களும் நிற்கின்றன. எங்களுடைய மிக நீளமான எபிசோடு அங்கேதான் எடுத்தது. நீளம் என்று திட்டியவர்களும் முழுதாகக் கேட்டிருக்கிறார்கள், புள்ளிவிவரம் காட்டிக்கொடுக்கிறது.

பதினைந்து நிமிட நகரம்னு பாரிஸ்ல சொல்றாங்களே, நம்ம ஊருக்கு ஒத்து வருமா?

கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியர் முன்வைத்தது, 2020 தேர்தலில் அப்போதைய பாரிஸ் மேயர் ஆன் இடால்கோ கையில் எடுத்தார். பள்ளி, கடை, மருத்துவர், வேலை எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது கருத்து. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். காய்கறி, கோயில், மெஸ், டாக்டர் எல்லாம் அவர்களுக்குக் கூப்பிடு தூரம். ஆர்க்கிடெக்டும் அதைத்தான் சொன்னார்: நமக்குக் கடை தூரத்தில் இல்லை, கடைக்குப் போகும் நடைபாதையில்தான் பைக் நிற்கிறது.

வேலைதான் சிக்கல். ஓஎம்ஆர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வேலை ஒரு பக்கமும் வாடகைக்குக் கட்டுப்படியாகும் வீடு வேறு பக்கமும் இருக்கும்போது பதினைந்து நிமிடம் சிலருக்கு மட்டும் வாய்க்கும். யாருக்கு வாய்க்காது என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

படிச்சவங்க ஏசி ரூம்ல உக்காந்து பேசறதுதானே இது? கண்ணகி நகர்ல இருக்கறவங்களைக் கேட்டீங்களா?

கேட்டோம், கேட்டுக்கொண்டிருக்கிறோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் ஊருக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடங்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். பட்டினப்பாக்கத்திலும் மயிலாப்பூரிலும் வீட்டு வேலை செய்தவர்களுக்கு ஒரே இரவில் வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. 2021-ல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததைப் பற்றி எங்கள் டீமில் அனல் பறக்க விவாதித்தோம். பெரும்பாக்கத்து அம்மா ஒருவர் ஒரே வரியில் முடித்தார்: "பஸ் காசு மிச்சம்தான் தம்பி, ஆனா நாலு மணிக்கு எழுந்திருக்கிற தூக்கத்த யாரு குடுப்பா?"

பேசுபவரின் பெயரைப் போடலாமா, வேறு பெயரா, குரலை மாற்ற வேண்டுமா என்று பதிவுக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை கேட்கிறோம். வெளியிடுவதற்கு முன் அவர் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டுகிறோம். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம். தினக்கூலிக்காரரின் அரை நாளை எடுத்துக்கொண்டால் அந்த அரை நாள் கூலியைத் தருகிறோம். பத்திரிகைக்காரர்கள் சிலர் இது தப்பு, காசு கொடுத்தால் பேச்சு மாறும் என்றார்கள். ஐஐடி பேராசிரியரை அழைத்தால் மதிப்பூதியம் தருகிறோமே, அவர் பேச்சு மட்டும் மாறாதா என்று சமூகவியலாளர் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசவில்லை.

ஏன் சென்னையே? கோயம்புத்தூர், மதுரை எல்லாம் ஊரில்லையா?

2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கு மேல் நகரவாசிகள். எல்லா ஊருக்கும் கதை இருக்கிறது. நாங்கள் நடந்து போகக்கூடிய ஊர் இது, அவ்வளவுதான். நொய்யலையோ வைகையையோ பற்றி அங்கேயே இருக்கும் ஆட்கள் ஆரம்பித்தால் கருவிகளைக் கடன் தருவோம்.

நீங்க அரசாங்கத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?

எந்த அரசாங்கத்துக்கு என்று கேட்பேன். ஒரே சாலையை மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ போடுகிறது, குடிநீர் வாரியம் தோண்டுகிறது, மின்வாரியம் கேபிள் பதிக்கிறது, மெட்ரோ தடுப்பு வைக்கிறது. 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் என்று பட்டியல் இருக்கிறது. நகரத் திட்டமிடல் அதில் முதல் வரி. சென்னையில் அந்த வேலை சிஎம்டிஏ-விடம் (மாநில அரசின் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இருக்கிறது, மேயரிடம் இல்லை. இதைச் சொன்னால் ஒரு கட்சிக்காரர் கைதட்டுவார், ஆட்சி மாறியதும் அவரே முறைப்பார். அதிகாரிகள் பலர் பேச வருகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். பதிவு ஓடும்போது பேசியதைவிட மைக்கைக் கழற்றிய பிறகு பேசுவதுதான் சுவாரசியம். அதை ஒருபோதும் வெளியிட்டதில்லை.

காசு யார் குடுக்கறாங்க? பில்டர் விளம்பரம் வாங்குவீங்களா?

கேட்பவர்கள் மாதாமாதம் தரும் சிறு தொகை, எங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து கொஞ்சம். பில்டர், சிமெண்ட், தண்ணீர் லாரி, பாட்டில் தண்ணீர் விளம்பரங்கள் வாங்குவதில்லை. கேட்டு வந்தவர்கள் உண்டு, நல்ல தொகையும்கூட. காரணம் அடுத்த கேள்வியிலேயே தெரியும்.

ஃப்ளாட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அந்த ஏரியா மூழ்குமா? உங்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கறீங்க.

மிக அதிகமாக வரும் கேள்வி இது. தனி மனைக்கு ஆம், இல்லை என்று சொல்லமாட்டோம், அதற்கு அந்த இடத்தின் மட்டத்தை அளந்த ஆள் வேண்டும். ஆனால் நீங்களே செய்யக்கூடியவை நிறைய. வில்லங்கச் சான்றில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகாதீர்கள். அது யார் யாருக்கு விற்றார்கள் என்பதைத்தான் சொல்லும், தண்ணீர் வருமா என்று சொல்லாது. சர்வே எண்ணை வைத்து அரசின் இணைய சேவையில், நிலம் என்ன வகை என்று குறித்திருக்கும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டுப் பிரதியைப் பாருங்கள். அந்த எண்ணோ பக்கத்து எண்ணோ ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருக்கிறதா? மாஸ்டர் பிளானில் எந்த உபயோகத்தில் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் சர்வே எண் வாரியாகப் பார்க்கலாம். பட்டா நிலமாகவே இருந்தாலும் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் இருந்த வயலாக இருக்கலாம், அது குற்றமில்லை, ஆனால் பள்ளம் பள்ளம்தான்.

அப்புறம் மழை நாளில் போங்கள், விற்பனைப் பிரதிநிதி இல்லாமல். பக்கத்துத் தெருவின் பழைய வீடுகளில் மின் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் மோட்டாரை மேடை கட்டித் தூக்கி வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். தெரு மட்டம் வீட்டு வாசலைவிட உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ரோடு போடும்போதெல்லாம் வாசல் பள்ளமாகிக்கொண்டே போகும். தரைத்தளத்தில் நெடுநாள் குடியிருப்பவரிடம் 2015-லும் 2023-லும் எதுவரை வந்தது என்று கேட்டால் சுவரில் கையை வைத்தே காட்டுவார்.

இவ்வளவு பேசி என்ன மாறிடுச்சு?

வடிகால் ஒன்றும் அகலமாகவில்லை. ஆனால் மாஸ்டர் பிளான் வரைவு வந்தால் பொதுமக்களின் ஆட்சேபத்தையும் யோசனையையும் கேட்ட பிறகுதான் இறுதி செய்ய வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்த வரைவை எப்படிப் படிப்பது, ஆட்சேபம் எப்படி எழுதுவது என்று ஒரு எபிசோடு போட்டோம், அதற்குப் பிறகு கேட்பவர்கள் தங்கள் தெருவின் சர்வே எண்ணோடு எழுத ஆரம்பித்தார்கள்.

நீங்களும் சிஎம்டிஏ-வுக்கு ஆட்சேபம் எழுதலாம். தமிழிலேயே, ஒரு பக்கம் போதும். சர்வே எண், வரைபடத்தில் என்ன போட்டிருக்கிறது, நேரில் என்ன இருக்கிறது, என்ன மாற்ற வேண்டும். தேதி போட்ட ஒரு புகைப்படத்தை இணையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளம்பாதீர்கள்.